கொக்காடிக் கண்மாயில் ஆள் இல்லை

செப்டம்பர் 3, 2041. காலை 7:10
நெட்டேந்தல் வான்கண்காணிப்பு நிலையம்.

வெயில். தென்மேற்குக் காற்று, மிதம். ஆறு ட்ரோன்களும் நலம். நான்காம் எண் மட்டும் கிளம்பும்போது கரகரக்கிறது. விசிறியில் கருவேல முள் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டேன்.

நிலையப் பொறுப்பாளர் தினமும் பதிவு எழுத வேண்டும் என்பது விதி. அதை யாரும் படிப்பதில்லை என்பது வழக்கம். என்றைக்காவது ஒருவர் தப்பித் தவறிப் படித்தால் அவருக்காக: என் பெயர் சண்முகவடிவு, ஊர் தூத்துக்குடி. கொக்காடிக் கண்மாய்க் கரையின் தென்கோடியில் ஒற்றை அறைக் கட்டடம், அதில் நான் ஒருத்தி. ட்ரோன்கள் பறந்து படம் எடுக்கும். எடுத்த படத்தை ஒரு நியூரல் நெட்வொர்க் பார்த்து இது வயல், இது கருவேலங்காடு, இது தண்ணீர், இது ஆக்கிரமிப்பு என்று தீர்ப்புச் சொல்லும். அதற்கு நான் கணக்கப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறேன். சொந்தமாக ஒன்றும் தெரியாது, கற்றுக்கொடுத்தவர் எப்படிக் குறித்தாரோ அப்படியே குறிக்கும், கேள்வி கேட்டால் மட்டும் நூறு சதவீதம் நிச்சயம் என்னும்.

கற்றுக்கொடுப்பவள் நான்தான். வாரம் ஒருமுறை படங்களின் மேல் கோடு போட்டு வட்டமிட்டு இன்னது இன்னது என்று பெயர் எழுதுவேன். கொக்காடிக் கண்மாய் நான்கு வருடமாகத் தண்ணீர் காணாதது. தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாய் முழுக்கக் கருவேலம். இன்றும் அப்படியே. ஆள் இல்லை.


செப்டம்பர் 12. மாலை 4:30

ஆவாரங்காட்டு ஓடைப் புறம்போக்கில் குடிசைகள். கணக்கப்பிள்ளை கண்டுபிடித்தார், நான் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தேன். கோட்டச் செயற்பொறியாளர் தவசிலிங்கம் சாரிடமிருந்து உடனே செய்தி:

"வடிவு, ரிப்போர்ட் பார்த்தேம்மா. சூப்பர். மூணு மாசமா ரெவின்யூல தேடிக்கிட்டிருந்த இடம். உன் வாய்ஸையே ட்ரோன் எச்சரிக்கைக்குப் போட்டாச்சு, கேட்டியா? ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க."

கேட்டேன். "இது அரசு நிலம். இங்கே தங்குவது குற்றம். தயவுசெய்து உடனே வெளியேறவும்." உச்சரிப்பு சுத்தம். அம்மாவுக்கு அனுப்பி வைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.


செப்டம்பர் 19. காலை 11:20

ஆவாரங்காட்டு ஓடை காலி செய்யப்பட்டது. மேற்பார்வைக்கு நான்காம் எண்ணை அனுப்பினேன்.

இயந்திரம் ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. ஒரு மனிதன் நீலப் பெயின்ட் அடித்த கதவு ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். வீடு போய்விட்டது, கதவு மட்டும் இருக்கிறது. எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நிலத்தில் ஆள் இருக்கும்வரை ட்ரோன் பேசிக்கொண்டே இருக்கும், அதுதான் அமைப்பு. அவன் தலைக்கு மேலே நின்று என் குரல் தயவுசெய்து, தயவுசெய்து என்றது. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. அதட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் யோக்கியமாக இருந்திருக்கும்.

ஒலிப்பதிவில் ஒரு பெண்ணின் குரல் தெளிவாக விழுந்திருக்கிறது:

"மேல நின்னு பேசுறவளே, கீழ எறங்கி வந்து பேசுடி!"

ட்ரோனைத் திருப்பிவிட்டேன். மதியம் சாப்பாடு இறங்கவில்லை.


செப்டம்பர் 25. காலை 9:05

கொக்காடி உள்வாயில் புதிதாக வெப்பப் புள்ளிகள். ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் வந்து சேரும் வாய்க்கு நேர் எதிரே, கருவேலம் அடர்ந்த பள்ளத்தில். கணக்கப்பிள்ளை குழம்பிப்போய் "தீ? ஆள்? ஆக்கிரமிப்பு?" என்று மூன்றையும் கேட்டார்.

கீழே இறக்கிப் பார்த்தேன். கரிமூட்டம். கருவேல விறகைக் கூம்பாக அடுக்கி, செத்தை போட்டு மூடி, மேலே ஈர மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துப் புகையவிட்டிருக்கிறார்கள். பத்து நாள் காற்றுப் புகாமல் காவல் இருந்தால்தான் விறகு கரியாகும். ஒரு ஓட்டை விழுந்தால் சாம்பல். மூட்டங்களை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிய தார்ப்பாய்க் குடில்கள். ஒரு குடிலில் நீலக் கதவு.

ஆவாரங்காட்டு ஆட்கள். நான் துரத்திய இடத்திலிருந்து என் வாசலுக்கே வந்திருக்கிறார்கள்.

என் முன்னால் படம் திறந்திருந்தது. விதிப்படி குடில்களைச் சுற்றிக் கோடு போட்டு "ஆக்கிரமிப்பு" என்று எழுத வேண்டும். நான் கோட்டைப் பெரிதாகப் போட்டேன். மூட்டம், குடில், நடமாடும் இடம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் வரும்படி. மேலே "மூட்டம்" என்று எழுதினேன். இருக்கிற எல்லாப் படத்திலும் அப்படியே செய்தேன். இனி அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எந்தச் சூடும் கணக்கப்பிள்ளைக்கு மூட்டம்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். இது குற்றம்தான். ஆனால் ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.


அக்டோபர் 7. காலை 8:40

ஒரு வேடிக்கை. உள்வாய்க்கு மேலே ட்ரோன் போகும்போதெல்லாம் அங்கே இருப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மூட்டத்தை ஒட்டிப் படுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள்கூட. ட்ரோன் தாண்டியதும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யோசித்தேன். சிரமமில்லை. வெட்டவெளியில் நின்றால் என் குரல் வைகிறது. மூட்டத்தோரம் இருந்தால் வாய் திறப்பதில்லை. இரண்டு நாள் போதும். அந்த நாட்களில் விழுந்த ஆள் குறிப்புகளுக்கு நான் ஒப்புதல் கொடுக்கவில்லை. ஒலிப்பதிவில், ஆவாரங்காட்டில் என்னைக் கீழே இறங்கி வரச் சொன்ன அந்தப் பெண். பெயர் இருளாயி, எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்:

"அந்தா வாரா பாரு ஒங்க அத்தக்காரி! படுங்கடா மூட்டத்தோரமா. மூட்டத்துக்குப் பயந்தவ, கிட்ட வரமாட்டா."

வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கும் அவர்களுக்கும் ஒரு ரகசிய ஒப்பந்தம் இருப்பதுபோல ஒரு பெருமை. அவர்களுக்கு அது தெரியாது என்பதில் இன்னும் கொஞ்சம் பெருமை. நல்லது செய்கிறவர்களுக்கு வரும் அந்தப் பெருமை, கேவலமானது. அப்போது தெரியவில்லை என்று எழுத ஆசைதான். தெரிந்துதான் இருந்தது.


அக்டோபர் 22. மாலை 5:15

மூன்று நாளாக மழை விடவில்லை. நிலையத்துச் சாலை அறுந்துவிட்டது. ஆறாம் எண் ஈரத்தில் செத்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் அபாயக் குறிக்குக் கீழே ஒரு முழம். உள்வாயில் இன்னும் தண்ணீர் நிற்கவில்லை. வறண்ட மண் குடித்துக்கொண்டே இருக்கிறது. மூட்டங்களுக்கு மேல் தார்ப்பாய் கட்டி, சுற்றி வாய்க்கால் வெட்டி, நெருப்பு அணையாமல் காக்கிறார்கள். புதிதாக வைத்த மூட்டங்கள். இப்போது விட்டுவிட்டுப் போனால் ஒரு மாத உழைப்பு சகதி.

கணக்கப்பிள்ளை: கொக்காடி உள்வாய், மூட்டம். ஆள் இல்லை.


அக்டோபர் 23. காலை 9:40

கோட்ட அலுவலகத்திலிருந்து எல்லா நிலையங்களுக்கும்:

"ஆற்று வெள்ளம் நகரத்துக்குள் நுழையாமல் இருக்க, மதியம் 2:30க்கு வரத்துக்கால்வாய் ஷட்டர் முழுமையாகத் திறக்கப்பட்டு, வெள்ளம் கொக்காடிக் கண்மாய்க்குத் திருப்பப்படும். உள்வாய் காலி என வான்கண்காணிப்பு உறுதி செய்துள்ளது."

உறுதி செய்தது யார்?

ஷட்டருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஆள் பூட்டு என்போம். உள்வாயில் ஒரு மனிதன் இருப்பதைக் கணக்கப்பிள்ளை கண்டால் போதும், ஷட்டர் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதை நம்பித்தான் பழைய அபாயச் சங்கைக் கழற்றினார்கள். ஆள் தெரிந்தால் ட்ரோன் எச்சரிக்கும், சங்கு எதற்கு என்றார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

கால்வாய் வாய்க்கு நேர் எதிரே இருக்கிறார்கள். நான்கு வருட வறண்ட பள்ளத்துக்குள் ஒரு ஆறே விழப்போகிறது. நான்காம் எண்ணைக் கிளப்புகிறேன்.


10:20

நான்காம் எண்ணை அனுப்பி ஒலிபெருக்கியில் நேரடியாகப் பேசினேன். தண்ணீர் வருகிறது, கரைமேல் ஏறுங்கள் என்றேன். ட்ரோன் சத்தம் கேட்டவுடன் எல்லோரும் மூட்டத்தோரம் படுத்துவிட்டார்கள்.

மூட்டத்தை விட்டு வெளியே வாருங்கள் என்று கெஞ்சினேன். வெட்டவெளிக்கு வந்தால் நான் காப்பாற்றிவிடுவேன் என்றேன். ஒலிப்பதிவு:

"யப்பா, இன்னைக்கு என்ன புதுசாப் பாடுறா."

"வெளிய வரச் சொல்றாடா. ஆவாரங்காட்டுலயும் இப்பிடித்தான் தயவுசெஞ்சு தயவுசெஞ்சுன்னா. எந்திரிக்காதீக, ஒருத்தரும் எந்திரிக்காதீக."

இரண்டாவது குரல் இருளாயி. அவள் சொன்னதில் என்ன தப்பு? அதே குரல், அதே தயவுசெய்து. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெடுவது நானில்லை.


10:55

அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். அனுப்பியதை அப்படியே இங்கே போடுகிறேன்: "உள்வாயில் வெப்பப் புள்ளிகள் குறித்துச் சிறு சந்தேகம் உள்ளது. மறுபரிசோதனை நலம்."

சிறு சந்தேகம்! படங்களில் பொய் எழுதியது நான் என்று சொல்ல நா எழவில்லை. வேலை போய்விடும், வழக்கு வரும், அம்மா கேட்பாள். இவ்வளவும் அந்த ஒரு வரியை அடிக்கும்போது மனதில் ஓடின. மூட்டத்தோரம் படுத்திருந்த பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். வரிசையை மாற்றி எழுத விரும்பவில்லை.

என் குறிப்புகளை அழித்துக் கணக்கப்பிள்ளைக்கு மறுபடி கற்றுக்கொடுக்க முடியுமா என்று பார்த்தேன். விடிய விடிய ஆகும்.


12:40

பதில் வரவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் பதிலுக்குக் காத்திருந்தேன் என்று சொல்லலாம். உண்மையில், பதில் வந்துவிட்டால் சொல்ல வேண்டியிருக்காதே என்று காத்திருந்தேன்.

இப்போது ரேடியோவில் சாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய வட்டம் போட்டது, மூட்டம் என்று எழுதியது, அவர்கள் அதைக் கண்டுகொண்டு படுத்துக்கொள்வது. இரைச்சலுக்கு நடுவே அவர்:

"என்ன காரியம்மா பண்ணி வச்சிருக்க... சரி, படம் அனுப்பு. பாக்குறேன்."

அனுப்பினேன். மழையில் சாதாரணக் கேமராவில் தார்ப்பாய் மட்டும் தெரிகிறது. வெப்பப் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"எனக்கும் மூட்டமாத்தாம்மா தெரியுது. நீ ஆள்ங்கற, சிஸ்டம் இல்லைங்குது. நான் கையால நிறுத்துனா என் பேர்ல நிறுத்தணும். நிறுத்தி டவுனுக்குள்ள தண்ணி போச்சுன்னா யாரு பதில் சொல்றது? சிஸ்டத்துல ஒரே ஒரு ஆள் காட்டு. தானா நின்னுரும். நானும் தப்பிச்சேன், நீயும் தப்பிச்ச."

கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அடங்கிவிட்டது. அவர் பயந்ததும் நான் பயந்ததும் ஒரே பயம்தான். எனக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது, அவ்வளவே.

ஒரே ஒரு ஆள்.


1:05

போகிறேன். கரைமேல் நடந்தால் முக்கால் மணி நேரம். உள்வாய்க்குள் இறங்கி, மூட்டத்திலிருந்து தள்ளி, வெட்டவெளியில் நிற்பேன். என் மேல் யாரும் வட்டம் போடவில்லை. கணக்கப்பிள்ளைக்கு நான் ஆள்தான்.

இரண்டாம் எண்ணை உள்வாய்க்கு மேலே தானியங்கியாகச் சுற்றவிட்டிருக்கிறேன். இனிக் கைப்பேசியில் சொல்வது பதிவாகும். எழுத்துப் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.


1:35

கரை பாதியில் உடைந்திருக்கு. சுற்றி வருகிறேன். செருப்பு போய்விட்டது. முள். ஆற்றுச் சத்தம் இடது பக்கம். இங்கிருந்து பார்த்தால் கருவேலம் இவ்வளவு உயரமா. மேலேயிருந்து பாசி மாதிரி இருக்கும். இரண்டு வருஷமாக இந்தக் கண்மாயைப் பார்க்கிறேன், கால் வைத்தது இன்றைக்குத்தான்.


2:12

இறங்கிவிட்டேன். முழங்கால் சகதி. மூட்டத்துப் புகை தெரிகிறது, கிட்டத்தில்தான். வெட்டவெளி. நிற்கிறேன். கையை ஆட்டுகிறேன்.

ட்ரோன் வருகிறது.


2:16

நின்றுவிட்டது. ஷட்டர் திறப்பு நின்றுவிட்டது. கைப்பேசியில் செய்தி:

"கொக்காடி உள்வாய். ஆள்: ஒன்று. ஆள் பூட்டு இயங்குகிறது. ஷட்டர் திறப்பு நிறுத்திவைக்கப்பட்டது."

அழுகை வருகிறது. ட்ரோன் தலைக்கு மேலே வந்து நின்று என்னிடம் சொல்கிறது, இது அரசு நிலம், இங்கே தங்குவது குற்றம். என் குரல். எத்தனை பளிங்குபோல் இருக்கு. அண்ணாந்து பார்த்தால் மழை கண்ணுக்குள் விழுகிறது, ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும். இப்படித்தான் இருந்திருக்குமா அவர்களுக்கு.

நான் இருக்கும்வரை பூட்டு இருக்கும். நான் ஏறினால் திறந்துவிடும். ஆனால் ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது. ஆறு ஏறிக்கொண்டே இருக்கு. கீழே ஒரு நகரம் இருக்கு.


2:20 முதல் 2:40 வரை. ட்ரோன் 2, ஒலிப்பதிவு. பேசுபவர்கள்: இருளாயி, நான், கடைசியில் சாத்தையா

"ஏத்தா! யாரு நீ? வழி தவறி வந்துட்டியா?"

"அக்கா, வெளிய வாங்க. தண்ணி வரப்போகுது."

"அது கெடக்கட்டும். மேல நிக்கிறா பாரு, ஒன்னயத்தான் வையுறா. ஓடியா இங்கிட்டு! மூட்டத்தோரமா வந்து படுத்தா! பேசாமப் போயிருவா. வா, வா, எடம் இருக்கு."

"அக்கா..."

"அட வாத்தா! நின்னா எழுதிக்குவா, நாளைக்கு மெசின் வந்துரும். பிள்ளைகளா, தள்ளிப் படுங்க, அந்தப் பொண்ணுக்கு எடம் விடுங்க."

"அக்கா, அது நான்தான்."

"என்னது?"

"மேல பேசுறது. என் குரல்தான் அது."

"என்னத்தா ஒளறுற."

"இது அரசு நிலம். இங்கே தங்குவது குற்றம். தயவுசெய்து உடனே வெளியேறவும்."

(மழைச் சத்தம். மேலிருந்து அதே மூன்று வரி, அதே குரல்.)

"...நீதானா."

"நான்தான்."

"ஆவாரங்காட்டுல..."

"நான்தான் அக்கா. நீங்க இங்க இருக்கிறதும் எனக்குத் தெரியும். மூட்டம்னு எழுதினேன். ஒங்கள ஆளா எழுதல. அதான் இப்ப ஷட்டரத் தொறக்கப் போறாங்க, இங்க ஆளே இல்லைன்னு. நான் நிக்கிறதால நின்னிருக்கு. போயிருங்க. கால்ல விழுறேன்."

"இவ சொல்றத நம்பி மூட்டத்த விட்டுட்டுப் போகவா? ஏய் சாத்தையா, கேட்டியா? இன்னும் ரெண்டு நாள் காத்தா கரி."

"கேட்டேன். அவளும் இந்தப் பள்ளத்துக்குள்ளதான நிக்கிறா. பொய் சொல்றவ மேலேருந்துல்ல சொல்லுவா. பிள்ளைகளத் தூக்கு."


2:58

ஏறுகிறார்கள். பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு, பாத்திரம் பண்டத்தோடு. மூட்டத்தை விட்டு வெளியே வர வரக் கைப்பேசியில் ஆள் ஆள் ஆள் என்று வந்துகொண்டே இருக்கு. கணக்கப்பிள்ளைக்கு இப்போது எல்லாரும் தெரிகிறார்கள். ஆவாரங்காட்டில் கதவைத் தூக்கிக்கொண்டு நின்றவர் சாத்தையாதான்; அந்த நீலக் கதவை எடுக்கப் போனார். இருளாயி கத்தியதில் விட்டுவிட்டு வந்தார்.

கடைசி ஆள் நான்தான். நான் கரையில் கால் வைத்ததும் திறந்துவிடும். எல்லாரும் மேலே நின்று என்னைப் பார்க்கிறார்கள். ஏறு ஏறு என்கிறாள் இருளாயி. கை நீட்டுகிறாள்.

இந்தக் கையைப் பிடிக்க வெட்கமாக இருக்கிறது.


மாலை 5:25. கொக்காடிக் கரை மேடு

மழை விட்டிருக்கிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கைப்பேசியை உலர்த்தி, நிதானமாகவே எழுதுகிறேன்.

மூட்டங்கள் தண்ணீருக்குள் போனபோது ஒவ்வொன்றாகச் சீறின. உள்ளே எட்டு நாளாகப் பொத்திவைத்த நெருப்பு. சீறி, வெள்ளையாக ஆவி கிளம்பி, அடங்கிப்போயின. யாரும் அழவில்லை. சாத்தையா முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருளாயி என் காலில் இருந்த முள்ளை எடுத்துவிட்டு, தார்ப்பாயின் ஒரு ஓரத்தை என் பக்கம் இழுத்துப் போர்த்தினாள். பெயர் கேட்டாள். வடிவு என்றேன். அதற்குள் பிள்ளைகள் வடிவு அத்தை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டன.

சாரிடமிருந்து:

"வடிவு! சிஸ்டம் கரெக்ட்டா ஆளைக் கண்டுபிடிச்சு நிறுத்திருச்சு. டவுனும் தப்பிச்சது, உயிர்ச்சேதமும் இல்ல. மேல இருக்கறவங்க ரொம்பச் சந்தோஷம். இன்னும் அஞ்சு மாவட்டத்துக்குக் குடுக்கப் போறாங்களாம். நீ மத்தியானம் சொன்னதெல்லாம் நான் கேக்கல, நீ சொல்லல. புரியுதா? அப்புறம், கரைல இருக்கறவங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் ட்ரோன்ல வரும். ஆனா முகம் பதிவு பண்ணாத்தான் விழும். எல்லாரையும் வரிசையா நிக்கவச்சு முகத்தை எடுத்து அனுப்பு."

பிழை செய்தவள் நான், அதைப் பிழை என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூடக் குரங்கு என்று சொல்ல ஆள் இருப்பார்கள். இங்கே குரங்குக்கு மாலை போட்டிருக்கிறார்கள். புரிகிறது என்று பதில் அனுப்பினேன். அனுப்பினேன், ஆம்.

முகம் பதிவானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அரசு நிலத்தில் எடுக்கப்படும் எந்த முகமும் தானாக ஆக்கிரமிப்பாளர் பட்டியலுக்குப் போகும். இனி அவர்கள் எந்தப் புறம்போக்கில் ஒதுங்கினாலும், எந்த ட்ரோனும் முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளும். மூட்டத்தோரம் படுத்தாலும் பயனில்லை. பதிவு செய்யாவிட்டால் இன்றைக்குச் சோறில்லை. பிள்ளைகள் விடியற்காலையிலிருந்து பட்டினி. ஒரு குழந்தை ஈரத் துணியைச் சப்பிக்கொண்டிருக்கிறது.

இதை அவர்களிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். அவர்களே முடிவு செய்யட்டும். இதோ சொல்லப் போகிறேன்.


5:50

சொல்லவில்லை.

சாப்பாடு வரும், முகம் எடுக்கணும் என்று மட்டும் சொன்னேன். பட்டியலை விட்டுவிட்டேன். முள் எடுத்துவிட்ட கை, தார்ப்பாய், வடிவு அத்தை. இன்னொரு முறை "நீதானா" என்று அவள் கேட்பதைக் கேட்கத் தெம்பில்லை. பசியைக் காரணம் காட்டலாம். காரணம் பசி இல்லை.

இருளாயி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாள். பிள்ளைகளின் முகச் சகதியை முந்தானையால் துடைத்துவிட்டாள். இத்தனை நாளும் மேலே ஒரு சத்தம் கேட்டாலே மண்ணோடு மண்ணாகப் படுத்தவர்கள். ட்ரோன் வந்து தலைக்கு மேல் நின்றது. ஒரு பிள்ளை பழக்கத்தில் கீழே உட்காரப் போனது. இருளாயி அதைத் தூக்கி நிறுத்தினாள். ஒலிப்பதிவு:

"பயப்படாதடா. அது ஒண்ணும் செய்யாது, நம்ம வடிவோடதுதான். நேராப் பாரு. கண்ணத் தொறந்து நல்லாப் பாரு."

நன்றாகப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கண் சிமிட்டவில்லை. ட்ரோன் எடுத்த ஒவ்வொரு முகத்தையும் கைப்பேசித் திரையில் அழுத்திப் பதிந்தேன். சாத்தையா, இருளாயி, பிள்ளைகள். எல்லாம் தெளிவான படங்கள்.


6:02

"முகப் பதிவு முடிந்தது. உணவு வழங்கல்: ஒப்புதல். நில நிலை: ஆக்கிரமிப்பு உறுதி செய்யப்பட்டது. எச்சரிக்கை ஒலிபரப்பு தொடங்குகிறது."

பொட்டலங்கள் விழுந்தன. கூடவே என் குரல் பேசத் தொடங்கியது, இது அரசு நிலம் என்று.

யாரும் மேலே பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.